நதியாவுக்குக் கடலை ஆகாது

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்த சித்ராதேவி அதிர்ந்து பேசமாட்டாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். கணவன் இசக்கிமுத்து அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் நதியாவுக்கு இரண்டரை வயது நடந்த 2004-ஆம் வருஷத்தில் அந்த நல்ல பெயர் போயிற்று.

பக்கத்து வீட்டில் கொடுத்த கடலை மிட்டாயைக் குழந்தை ஒரே ஒரு கடிதான் கடித்தது. கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, வாந்தி எடுத்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் அடங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள் தோசைக்கென்று கொடுத்தனுப்பிய சட்னியைத் தொட்டுத் தின்றபோது மறுபடியும் அதே தடிப்பு, அதே வீக்கம். சித்ராதேவி நேரே போய்ச் சட்னியில் என்ன அரைத்தீர்கள் என்று கேட்டாள். நிலக்கடலை என்றாள் பொன்னாத்தாள்.

கடலைதான் காரணம் என்று சித்ராதேவி சொன்னதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சேவூரில் தங்கள் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடலை விளைகிறது, பச்சைக் கடலையைத் தின்றே பிள்ளைகள் வளர்ந்தன என்று பொன்னாத்தாள் வருத்தப்பட்டாள். இசக்கிமுத்துவின் அண்ணன் ஊரிலிருந்து போன் பண்ணி, குலதெய்வம் சுடலைக்கு வைக்க வேண்டிய பொங்கல் தள்ளிப்போனதால் வந்த வினை என்றான். இசக்கிமுத்து அதை நம்பி ஊருக்குக் கிளம்பினான்.

"பொங்கல் வச்சிட்டு வாங்க, வேண்டாங்கல. ஆனா சாமியா வந்து சட்னி அரைச்சுது?" என்றாள் சித்ராதேவி.

அவன் ஊருக்குப் போயிருந்த நாளில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவர் கோயம்புத்தூரில் ஒவ்வாமைக்கென்று இருந்த டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். லீவு போட்டுப் போனால், சளிக்குக் கொடுத்த மருந்து உடம்பில் இருக்கும்வரை சோதனை சரியாகக் காட்டாது, அதை நிறுத்தி ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அலைச்சல் போதும் என்றான் இசக்கிமுத்து. அவள் மறு வாரமும் போனாள். குழந்தையின் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, வரிசையாகச் சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கடலைச் சொட்டு வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் சிவந்து பெரிதாக எழும்பியது. பால், முட்டை, எள் வைத்த இடமெல்லாம் சும்மா கிடந்தது. அதைப் பார்த்த சித்ராதேவிக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாளும் தான் பைத்தியம்போல் உளறவில்லை என்கிற தெம்பு வந்தது.

இதைத் தீர்க்க மருந்து கிடையாது, கடலையை அண்டவிடக் கூடாது என்றார் டாக்டரம்மா. அதையும் மீறி மூச்சு இழுத்தால் முதலில் தொடையில் அட்ரினலின் ஊசி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் பேனா மாதிரி தயாராக விற்கிறார்களாம். இங்கே கண்ணாடிக் குப்பியை உடைத்து சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்று சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுத்தார். நர்சு தண்ணீரை ஏற்றிச் சாத்துக்குடியில் குத்தப் பழக்கினாள். அன்றிலிருந்து குப்பியும் சிரிஞ்சும் ஒரு சோப்பு டப்பாவில் சித்ராதேவியின் பையிலேயே இருந்தன. வீட்டில் செக்குக் கடலை எண்ணெய் நின்றது. யார் எதைக் கொடுத்தாலும் "இதுல கடலை இருக்கா?" என்று கேட்க நதியா படித்துக்கொண்டாள்.

நதியா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் கம்பெனி ஆயுத பூஜைக்குப் போனார்கள். பொரியிலும் கடலையிலும் கை வைக்கவிடாமல் சித்ராதேவி அவளைத் தள்ளியே உட்காரவைத்திருந்தாள். முதலாளி ரத்தினசாமி தாம்பாளத்தில் உருண்டையோடு வந்தார். பிள்ளைகளைக் கண்டால் பிரியம் அவருக்கு. நதியா வழக்கம்போல் கேட்டாள்.

"இல்லீங் கண்ணு, பாசிப்பருப்பு உருண்டைதான்," என்றார்.

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சமையல்காரர் பருப்போடு கடலையையும் வறுத்து அரைத்திருந்தார்.

பாதி உருண்டை உள்ளே போவதற்குள் இருமல் வந்தது. அம்மா என்று கூப்பிட்ட குரல் கரகரத்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சித்ராதேவி டப்பாவைத் திறந்து, குப்பியின் கழுத்தை உடைத்து, கோடு வரைக்கும் மருந்தை ஏற்றினாள். ரத்தினசாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மிணி, நீங்க டாக்டருங்களா? புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? கார் நிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

இசக்கிமுத்துவும் கொஞ்சம் பொறு என்றான்.

"போற வழியில மூச்சு நின்னா நீங்க பதில் சொல்லுவியளா மொதலாளி? கைய எடுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கையை எடுத்துவிட்டார். தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தி, மருந்தை முழுக்க இறக்கியபிறகுதான் அவள் பிள்ளையைத் தூக்கினாள். கார் ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது இழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. திரும்பவும் வரலாம் என்று ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அந்த ஊசிதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில் நின்றிருந்த ரத்தினசாமி, கடலை இல்லை என்று சொல்லி நானே கொடுத்துவிட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க மொதலாளி. அது போதும் எங்களுக்கு," என்றாள் சித்ராதேவி.

விஷயம் பள்ளிக்கூடத்துக்கும் எட்டியது. லீவு முடிந்து போன அன்றே தலைமையாசிரியர் கன்னையன் கூப்பிட்டனுப்பினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பிள்ளை பெரிதாகும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் என்ன நடந்தாலும் பெற்றோரே பொறுப்பு என்று எழுதித் தரவேண்டும். காகிதத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். இசக்கிமுத்து பேனாவை எடுக்கப் போனான். சித்ராதேவி காகிதத்தைத் திருப்பி அவர் பக்கமே வைத்தாள்.

"எழுதித் தரமாட்டேன் சார். பிள்ளைய வீட்லயும் வைக்கமாட்டேன். ஊசி போடுறது எப்படின்னு நான் சொல்லித்தாரேன், கத்துக்கிடுங்க. எட்டாவது படிச்ச நானே கத்துக்கிட்டேன்."

கல்வி அதிகாரியிடம் சொல்வேன் என்றார் அவர். நானும் வருகிறேன், எந்த ஆபீஸ் என்று சொல்லுங்கள் என்றாள். மறுநாள் வேலைக்குப் போகாமல், இரண்டு சாத்துக்குடியும் சிரிஞ்சும் எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் உட்கார்ந்தாள். மத்தியானம் சத்துணவு சமைக்கும் வேலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்குச் சொல்லிக் கொடுங்க அம்மிணி என்றாள். முதல் குத்திலேயே சரியாகக் குத்தினாள். அதைப் பார்த்துவிட்டு ஒன்றாம் வகுப்பு டீச்சர் வந்தாள். கடைசியாகக் கன்னையனும் வந்தார். முதல் இரண்டு குத்தும் கோணலாகப் போயின. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. ஒரு குப்பியும் சிரிஞ்சும் பள்ளிக்கூடத்திலேயே தங்கின. காகிதத்தை அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கூடப் படித்த பிள்ளை பிறந்தநாளுக்குக் கொடுத்த சாக்லெட்டில் கடலை இருந்துவிட்டது. ஊசி போட்டது வேலாத்தாள். சித்ராதேவி கம்பெனியிலிருந்து ஓடி வந்தபோது 108 வண்டி வாசலில் நின்றது. நதியா படுத்தபடியே, கேட்காமல் தின்றுவிட்டேன் என்றாள்.

இந்த மாதம் முழுக்கவாவது வீட்டில் இருக்கட்டும் என்று இசக்கிமுத்து கெஞ்சினான். திங்கட்கிழமை காலையில் சித்ராதேவி பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்னி, தானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். புதுக் குப்பியை வேலாத்தாள் கையில் கொடுத்துவிட்டு, கம்பெனிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய் மெஷினில் உட்கார்ந்தாள்.