திருத்த முடியாத பாட்டு

பாட்டுக் கட்டி, அதை எட்டுப் பக்கப் புத்தகமாக அச்சடித்து, சந்தைகளில் நானே பாடி விற்று வந்தவன் நான். எந்த நாடகக் கம்பெனியும் என்னை வைத்துக்கொள்ளவில்லை. எந்தப் பண்ணையாரையும் புகழ்ந்து நான் பாடவில்லை. அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் ஒரு வாடகை அறை, தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு ஜோடி ஜால்ரா. அப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பத்து வருஷத்தில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட இன்னொருவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மழை பொய்த்ததை எழுதினேன். கள்ளுக்கு எதிராக எழுதினேன். சண்டைக்குப் பயந்து ரங்கூனிலிருந்து கால்நடையாக வந்தவர்களைப் பற்றி எழுதினேன். கூட்டம் கொஞ்சம் நிற்கும்; பாட்டு முடிவதற்குள் கத்தரிக்காய் வாங்கப் போய்விடும். என் மனைவி கடலை வறுத்து ரயிலடியில் விற்றாள். வீடு அதில்தான் நடந்தது.

"ஏங்க, கடலை மில்லுல ஆள் எடுக்கறாங்களாம். ஒரு எட்டுப் போய்த்தான் பாருங்களேன்" என்பாள்.

"ஜனங்க வாயில ஒரே ஒரு பாட்டு நிக்கட்டும். அப்புறம் போறேன்" என்பேன்.

அந்த ஒரு பாட்டு ஒரு பஸ் பயணத்தில் கிடைத்தது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வருவதற்குள் இரண்டு முறையாவது நின்றுவிடும். அன்றும் நின்றது. டிரைவர் இறங்கிப்போய் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பெரம்பலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண் கிணற்றில் செத்துப்போனதைச் சொன்னார்.

"மாமியாக்காரி கூடத்தான் இருந்தாளாம்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். பஸ் கிளம்புவதற்குள் புளியமரத்தடியில் உட்கார்ந்து பாதிப் பாட்டை எழுதிவிட்டேன்.

கெணத்துத் தண்ணி குளிருமின்னு எறங்குனியோ – மாமி
கொதிக்கும் சொல்லு பொறுக்காம எறங்குனியோ

அந்த வாரமே அச்சானது. அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். நான் அவரை பாய் என்பேன். அவர்தான் அதை முதலில் முணுமுணுத்தவர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டே அவர் அதைப் பாடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பிறகு நடந்ததை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. சந்தையில் கூட்டம் நெருக்கியடித்தது. பெண்கள் அழுதுகொண்டே வாங்கினார்கள். மறுபடி அச்சடித்தோம், அப்புறம் இன்னொரு முறையும். செந்துறைப் பக்கம் கடலைக் கொல்லையில் களை எடுத்த பெண்கள் என் பாட்டை வரி பிசகாமல் பாடினார்கள். நான் வரப்பில் நின்று முழுவதையும் கேட்டேன். அன்று என் மனைவியிடம் போய், "நின்னுடுச்சு" என்றேன். மில்லைப் பற்றி அவள் பிறகு பேசவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, பெரம்பலூர் வாரச்சந்தையில் பாடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் முன்வரிசையில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் அசையாமல் நின்றாள். எல்லோரும் அழுதார்கள், அவள் அழவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் நின்றாள்.

"ஏம்ப்பா, நீதான் இந்தப் பாட்ட எழுதுனவனா?"

"ஆமாங்கம்மா."

"நாந்தான் அந்த மாமியா."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். குறுக்கே தடித்த தழும்பு. விரல்களை முழுசாக நீட்ட முடியவில்லை.

"தண்ணி அடியில கெடந்துச்சு. படியில எறங்கி மொண்டாந்தோம். படிக்கல்லு பேந்து உளுந்துட்டா. நான் மேலேருந்து கயித்தப் போட்டேன். புடிச்சிக்கிட்டா. ரெண்டாளு மட்டம் இழுத்துட்டேன்ப்பா. சுத்துமுத்தும் ஒருத்தரும் இல்ல. தோலு உரிஞ்சு ரத்தத்துல கயிறு வழுக்கிடுச்சு. நான் கயித்த உடல. வழுக்கிடுச்சு."

அவள் குரல் உயரவே இல்லை.

"நீ அந்த ஊருக்கு வந்தியா?"

"இல்லைங்கம்மா."

"யாரையாச்சும் கேட்டியா?"

"பஸ்ல ஒருத்தர் சொன்னத வச்சு எழுதிட்டேங்கம்மா."

"என் வூட்டு வாசல்ல நின்னு பாடுறாங்க. என் சின்னப் பையனுக்குப் பொண்ணு தர மாட்டேங்குறாங்க. பெரியவன், அவ புருசன், என் மொகத்தப் பாக்குறதில்ல. அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு, உன் பாட்டக் கேட்டு."

"மாத்தி எழுதறேன்மா. சத்தியமா எழுதறேன்."

"எழுது. எழுதி, இதே எடத்துல நின்னு பாடு."

காலைப் பிடிக்கலாமென்று குனிந்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாளே அந்தக் கிராமத்துக்குப் போய்க் கிணற்றைப் பார்த்தேன். கல் பெயர்ந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. வயலிலிருந்து முதலில் ஓடிவந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "கயித்த அந்த மாமியா கையிலேருந்து பிடுங்க முடியலைங்க" என்றார். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பாட்டை மாற்றி எழுதினேன். அது நன்றாக வரவில்லை. நான் சொல்வதிலேயே மிக வெட்கமானது இதுதான். பொய்யை எழுத ஒரு பஸ் நின்ற நேரம் போதுமாக இருந்தது. நடந்ததை எழுத ஒரு மாதம் ஆகியும் வரி நிற்கவில்லை. நடந்ததில் யார் மேலும் கோபப்பட இடமில்லை. கோபப்பட ஆளில்லாத பாட்டை ஜனங்கள் கேட்கவில்லை.

சொன்னபடி பெரம்பலூர் சந்தையில், அதே இடத்தில் பாடினேன். "முன்னே பாடினது பொய், நானாகக் கட்டினது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே ஒருவர், "மாமியாக்காரி கிட்ட என்னா வாங்குன?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஒரு பெண், "அந்தப் பழைய பாட்டப் பாடுங்க, அண்ணே" என்றாள். புதுப் பாட்டை முடித்தபோது கீரைக்காரி ஒருத்தி மட்டும் எதிரில் இருந்தாள். அது அவள் கடை.

அச்சடிக்கவும் முடியவில்லை. காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. "பழசுன்னா காகிதம் எப்படியாவது வரும், புதுசுக்கு வராது" என்று அச்சக முதலாளி சொல்லிவிட்டார். பழையதை இனி அச்சடிக்கவே கூடாது என்று நான் நின்றேன். அப்படியும் அது நிற்கவில்லை. எங்கேயோ வேறு யாரோ என் பெயரை எடுத்துவிட்டு அதை அச்சடித்து விற்றார்கள். என் பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. பாட்டு போகவில்லையே என்பதுதான்.

பாய் ஒருநாள் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "பாட்டுல ஏறாதுங்க இது. கதையா, புத்தகமா எழுதுங்க. நஸீபு இருந்தா யாராச்சும் படிப்பாங்க" என்றார்.

எழுதினேன். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம், அச்சகத்தில் வீணான தாள்கள், கடலை மடிக்க என் மனைவி வாங்கி வைத்திருந்த காகிதம் எல்லாவற்றிலும் எழுதினேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கிணற்றிலிருந்து இழுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் முப்பது தடவைக்கு மேல் எழுதியிருப்பேன். பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். சில திரும்பி வந்தன. சில வரவே இல்லை. கடைசியில் கடலை மில்லுக்குப் போனேன். பகலெல்லாம் மூட்டை தைத்துவிட்டு, விடியற்காலையில் எழுதினேன்.

"இன்னும் யாருக்காக எழுதுறீங்க?" என்று மனைவி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அந்தம்மாவுக்கு."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. "நான் படிச்சுக் காட்டுவேன்" என்றேன்.

சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்து, அதற்கடுத்த தை மாதம் புத்தகம் அச்சானது. பாய் கூலி வாங்காமல் எழுத்துக் கோர்த்தார். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவள் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அது போன ஆடியிலேயே போயிடுச்சுங்களே. காய்ச்சல். பெரிய மவன் கொள்ளி வைக்க வரல. சின்னவன் வந்து வச்சிட்டு, தேயிலைத் தோட்டத்து வேலைக்குன்னு மலங்காட்டுக்குப் போயிட்டான்."

"அந்தம்மா என்னைப் பத்தி எதாச்சும்..."

"நீங்க யாருங்க?"

நான் யாரென்று சொல்லவில்லை. புத்தகத்தைப் பூட்டின கதவின் இடுக்கில் செருகப் போனேன். யாருக்கென்று செருகுவது? எடுத்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் அந்த ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் விறகுக் கட்டோடு போனார்கள். அவர்களில் ஒருத்தி என் பழைய பாட்டைத்தான் பாடிக்கொண்டு போனாள். அந்த அம்மாளின் ஊரில், அவள் வீட்டுத் தெருவுக்குப் பக்கத்திலேயே. பாட்டில் வருவது யார் என்றுகூடப் பாடியவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஓடிப்போய் நிறுத்தச் சொல்ல நினைத்தேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

அந்தப் புத்தகத்தில் மொத்தம் பதினொரு பிரதிகள் போயின. அதில் நாலு நானே கொடுத்தவை. மீதியை மில் கிடங்கில் மூட்டைகளுக்கு மேல் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் ஒழுகி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சந்தைக்குப் போய் அந்தப் புதுப் பாட்டைப் பாடினேன். நம்பிக்கை இருந்ததால் என்று சொல்ல மாட்டேன். பாடாமல் இருந்த ஞாயிறுகளில் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். சிலர் நிற்பார்கள். பாதியில் போய்விடுவார்கள். நான் கடைசி வரி வரை பாடிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன்.