தோளுக்குள் வைத்த பஞ்சு

உசிலம்பட்டியில் மாயக்காள் தைத்த ரவிக்கை என்றால் தோளில் சுருக்கம் விழாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமே உண்டு. அடுத்தவர் தைத்ததைப் பார்த்தால், "சாக்குப் பையா தச்சிருக்கான்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

மகள் சத்யப்ரியா ஆறாம் வகுப்பில் வயதுக்கு வந்தாள். சடங்கு ரவிக்கைக்கு அளவெடுத்தபோது வலது தோள் ஏறியிருந்தது. மாயக்காள் நாடாவை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

வேறொருத்தி என்றால் டாக்டரிடம் ஓடியிருப்பாள். இவள் தையல் மிஷினிடம் ஓடினாள். இடது தோளுக்குள் மெல்லிசாகப் பஞ்சு வைத்துத் தைத்தாள். மாமன் சீர் வந்த பந்தலில், "பிள்ளை செல மாதிரி நிக்கிது மதினி" என்று நாத்தனார் ரெங்கம்மாள் சொன்னதும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கோணல் பிள்ளை என்று எவராவது கிளப்பிவிட்டால், ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதற்குப் பிறகு சுடிதார், யூனிஃபார்ம் எல்லாவற்றிலும் பஞ்சு ஏறியது. பிள்ளை உயர உயர அதுவும் தடித்தது. "பை தூக்கித் தூக்கி இப்பிடி ஆயிருச்சு, தானாச் சரியாப் போகும்" என்று கணவன் சிவபாண்டியிடம் அடித்துச் சொன்னாள்.

ஒன்பதாம் வகுப்பில் உடற்பயிற்சிக்குக் குனியச் சொன்னபோது வர்ஷினி டீச்சர் பார்த்துவிட்டார். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தூக்கி நின்றது. அங்கே எந்தப் பஞ்சும் உதவவில்லை.

மதுரையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டினார். "வயசுக்கு வர்ற சமயத்துல முதுகெலும்பு விறுவிறுன்னு வளரும். வளைவு இருந்தா அதுவும் கூடவே வளரும். அப்பவே பெல்ட் போட்டிருந்தா அநேகமா மேல வளையாம நிறுத்தியிருக்கலாம். இப்ப எலும்பு முத்திடுச்சு. ஆபரேஷன் வேணுமான்னு பாக்கணும். இவ்ளோ நாளா வீட்ல யாருமே கவனிக்கலையா?"

சிவபாண்டி மனைவியைப் பார்த்தார். ஊருக்கே தோள் அளப்பவள் தரையைப் பார்த்தாள். வெட்கத்தில் காது எரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் மாயக்காள் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். செக்கானூரணி தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினாள். "ஒன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னுதான் தாயி..."

"தெரியும்மா" என்றாள் சத்யப்ரியா, சன்னலைப் பார்த்தபடியே. "சட்டை மாத்துறப்பெல்லாம் பஞ்சு கையில தட்டுப்படும். என்னையப் பாக்க ஒனக்கே அசிங்கமா இருக்குபோலன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் முதுகு வலிக்கும்போதுகூட ஒங்கிட்ட சொல்லல."