எட்டு வருஷம் தொங்கிய வயர்

ஊரில் பாதி வீடுகளின் டிவி வயரைச் சுவருக்குள் ஒளித்து வைத்தவர் நம் வயர்மேன். அவர் சொந்த வீட்டில் மட்டும் அது எட்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டிவியின் பின்னாலிருந்து கிளம்பி, காலண்டர் ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றி, தரைக்கு இறங்கி, நடக்கிறவர் காலை வாரிவிடப் பார்க்கும். மனைவி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "வர்ற ஞாயித்துக்கிழமை." அந்த ஞாயிறு வரவே இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரை உடைத்துவிட்டு வருகிற மனுஷனுக்கு, வீட்டில் சுத்தியலைக் கண்டாலே குமட்டும்.

வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'நூலு'. வயர் பதிக்க அவர் சுவரில் வெட்டுகிற காடி நூல் பிடித்த மாதிரி இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. போன வாரம் ஒரு வீட்டில், தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் அங்கே துளைக்கக் கூடாது என்று தானே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே டிரில்லை வைத்தார். கூடமெல்லாம் தண்ணீர். காண்ட்ராக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அண்ணே, கொஞ்ச நாள் வீட்ல இருங்க. நானே கூப்பிடறேன்" என்றார்.

அது எந்த மாதிரிக் கூப்பிடுதல் என்று நூலுவுக்குத் தெரியாதா என்ன? மனைவியிடம் "லீவு" என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அவள் பிடித்துக்கொண்டாள்.

"லீவுதானே? அந்த வயருக்கு ஒரு வழி பண்ணுங்க."

சரி என்று இறங்கினார். இந்தச் சுவர் சுத்தமாக வந்துவிட்டால் நாளைக் காலை காண்ட்ராக்டர் முன்னால் போய் நின்றுவிடுவது என்று மனசுக்குள் முடிவு. வராவிட்டால்? அதை யோசிக்கவே பயமாக இருந்தது.

டிவியைக் கழற்றி வைத்தார். பைப்பை அளந்து வெட்டி, வயரை அதற்குள் கோத்து, சோபாவில் தயாராக வைத்தார். பிறகு உளியை எடுத்தார். பத்து அடிக்கு ஒரு தடவை தோள்பட்டை கெஞ்சியது. முட்டி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரையே பிடிக்க வேண்டியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கலவையை அடைத்து, கரணையால் இழுத்து, ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து முடித்தார். காடி இருந்த இடமே தெரியவில்லை. பழைய கை போகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

டீயோடு வந்த மனைவி சுவரைப் பார்த்தாள். சோபாவையும் பார்த்தாள். அங்கே வயர் கோத்த பைப் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"ஏங்க, அப்ப இது எதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டாள். அவர் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணிக் குழாயில ஓட்டை போட்டுட்டேன்மா. லீவெல்லாம் இல்ல, வர வேணாம்னுட்டாங்க. கொஞ்ச நாளா செய்யறப்பவே மறந்துபோகுது. தூங்கி எந்திரிச்சாலும் அசதி போக மாட்டேங்குது."

"தெரியும். அன்னிக்கே காண்ட்ராக்டர் போன் பண்ணிட்டாரு. உங்களப் பாத்துக்கச் சொன்னாரு."

"அப்பறம் எதுக்கு இந்த வேலையச் சொன்ன?"

"மூணு நாளா சுவத்தையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. பாக்கச் சகிக்கல. வயர் தொங்கினா எனக்கென்ன, எட்டு வருஷமா தாண்டித்தானே போறேன்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவள் அடுக்களையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்தாள்.

"காயறதுக்குள்ள சுரண்டிடறேன். நீங்க உக்காருங்க. எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தபடியே வழி சொன்னார். அவள் கலவையைச் சுரண்டி, பைப்பை வைத்து, மறுபடி அடைத்துப் பூசினாள். பூச்சு மேடும் பள்ளமுமாக, ஒரு பக்கம் வீங்கின கன்னம் மாதிரி நின்றது. அதைச் சமப்படுத்த நூலு கரணையை எடுக்கவில்லை.

மறுநாள் காண்ட்ராக்டரிடமும் போகவில்லை. பத்து மணி வரை தூங்கினார்.