கிளினிக் நாள் காய்ச்சல்

சிபானாவின் வாய்க்குக் கல்முனையில் பயப்படாதவர்கள் குறைவு. அபாயா தைத்துக் கொடுப்பவள். தையலில் யாராவது குறை சொன்னால் துணியை முகத்திலேயே வீசிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் நடுங்கியது மூன்று வயது மகன் றிபாத்தின் காய்ச்சலுக்கு மட்டும்தான்.

மாதம் தவறாமல் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். நாலைந்து நாளில் தானாக விட்டுவிடும். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் ஓடித் திரிவான். போத்தல் போத்தலாக மருந்து கொடுத்தும் பலனில்லை.

புருசன் அஸ்பாக்கின் அக்கா உம்மு, நிந்தவூர்க்காரி. மாதாமாதம் பிரஷர் கிளினிக்குக்குக் கல்முனைக்கு வருவாள். தம்பி பிள்ளையைக் கொஞ்சாமல் திரும்பமாட்டாள். அவள் வந்துபோனால் மறுநாளே காய்ச்சல். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சிபானா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி கமறவேயில்லை. கண்ணூறுதான் என்று முடிவு கட்டினாள்.

அடுத்த முறை உம்மு பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்து, கழுத்தையும் தடவிப் பார்த்தாள்.

"வாய்க்குள்ள புண், கழுத்தில கட்டி. போன மாசமும் இப்பிடித்தான் இரிந்திச்சி. நாளைக்குக் காய்ச்சல் வரும் புள்ள. ஒரே கணக்கில வருது, குழந்தை டொக்டர்ட்ட காட்டு."

"நோய் வாற நாளையும் நீங்களே சொல்றீங்களா மதினி? உங்கட கண்தான் நோய். இனி இந்த வாசல மிதிக்கப்படாது."

மனைவி வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளை எதைக் கதைப்பது? அஸ்பாக் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனான்.

அடுத்த கிளினிக் நாளில் கேற் பூட்டியே கிடந்தது. காய்ச்சல் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை.

சிபானா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழந்தை வைத்தியரிடம் ஓடினாள். அவர் இரத்தம் சோதித்தார், தொண்டையைப் பார்த்தார்.

"வாய்ப்புண் வருமா? கழுத்தில கட்டி? ஒரே கணக்கிலயா வருது? இடையில நல்லா இருக்கிறாரா?"

முதல் மூன்றும் உம்மு சொன்னவை. ஓம், ஓம் என்று சொல்லச் சொல்ல சிபானாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இது கிருமியால வாறதில்ல. விட்டு விட்டு வாற ஒரு வகைக் காய்ச்சல். அன்டிபயோட்டிக் கேட்காது. வளர வளரப் போயிரும்."

ஒரே ஒரு வேளை ஸ்டீரொய்ட் மருந்துதான் கொடுத்தார். அடுத்த காய்ச்சல் கொஞ்சம் முந்தியும் வரலாம், பயப்பட வேண்டாம் என்றார். பொழுதுபடுமுன் பிள்ளையின் உடம்பு குளிர்ந்துவிட்டது.

அடுத்த கிளினிக் நாளில் சிபானா கேற்றை அகலத் திறந்து, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலாப்பம் அவித்து வைத்திருந்தாள். தம்பி கெஞ்சிக் கேட்டதால் உம்மு வந்தாள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

"மாமி" என்று றிபாத் கையை நீட்டிக்கொண்டு ஓடினான். உம்மு முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"புள்ளைய உள்ளுக்குக் கூட்டிப் போ. என்ட கண் பட்டிரும்."