குரல் நடுங்கினால் பொய்யாம்

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் அங்கே மெஷினின் பித்தளைச் சாமான் ஒன்று காணாமல் போயிற்று. அதற்கு முந்தின நாள் கடைசியாக வெளியே வந்தவர் இவர். அது போதாதா அவர்களுக்கு? வேலை போனால் தோட்டத்தில் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது?

புதிதாக வந்திருந்த உதவி மேனேஜர், எங்களுக்குச் சின்னத்துரை, கொழும்பிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். மைக்கில் பேசினால் அது கடதாசியில் கோடு போடும். பொய் சொன்னால் குரல் நடுங்குமாம், கோடு கிறுக்கலாகுமாம். என்ன படிப்போ, கண்றாவி! எங்கள் தோட்டத்தில் எந்த ஆம்பளை துரைக்கு முன்னால் நடுங்காமல் பேசியிருக்கிறான்? துண்டைக் கக்கத்தில் இடுக்கு, தலையைக் குனி, குரலை இறக்கு என்று கங்காணிமார் சின்ன வயதிலிருந்தே பழக்கிவிட்ட பழக்கம் அது. லயமே அதிரப் பேசுகிற மனுஷனுக்கு ஆபீஸ் வாசலை மிதித்தால் பாதிக் குரல்தான் வரும்.

இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்; நானும் பின்னாலேயே போனேன். சின்னத்துரை மைக்கை நீட்டி, “உன் பேர் என்ன?” என்று கேட்டார். இவர் சொன்னார். கோடு கிறுக்கியது.

“சாமானை எடுத்தது நீதானே?”

“இல்லீங்க தொரை.”

மறுபடியும் அதே கிறுக்கல். “பொய் சொல்றே” என்றார் சின்னத்துரை.

வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

“பேரச் சொன்னப்பவும் இப்படித்தாங்க கிறுக்குச்சு. அப்ப அவரு பேரும் பொய்யாங்க?”

“சும்மா இரு புள்ள” என்று இவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

“அவரு பயந்துபோயி நிக்கிறாருங்க. பயப்படாம பேசினா மட்டும் விட்டுருவீங்களா?”

சின்னத்துரை என்னை ஒருமுறை பார்த்தார். பெட்டியை மூடினார்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை எங்கள் இருவரையும் தனியே நிறுத்தினார். ஆளுக்கொரு பத்துச்சீட்டு; வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. என்ன குற்றம் என்று கேட்டேன். குரல் நடுங்கிய இவர் பொய் சொன்னாராம். நடுங்காத நான் துரையை எதிர்த்துப் பேசினேனாம்.