பாங்கு நேரத்தில் ஓடிய கடிகாரம்

புதுமடம் ஹமீது சுல்தான் செஸ்ஸில் தோற்றால் மறுநாள் யாரிடமும் முகங்கொடுத்துப் பேச மாட்டார். சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து செல்போன் கடை போட்டவர். கடையின் பின்னறைதான் எங்கள் கிளப். அங்கே ஆட்டோ ஓட்டும் சுஐபுவை மட்டும் அவரால் ஒருமுறைகூட ஜெயிக்க முடிந்ததில்லை. ஜெயித்தே தீர வேண்டும் என்று மனுஷருக்கு ஒரே வெறி.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவே பாங்கு சொன்னால், யாருடைய நேரம் ஓடுகிறதோ அவர் கடிகாரத்தைத் தொடாமல் தொழப் போவார். எதிரில் இருப்பவர் அதை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போவார். பிரபாகரனாகிய நான் பலகைக்குக் காவல்.

போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. கடைசிச் சுற்றில் இவர்கள் இருவரும் எதிரெதிரே. வெள்ளை வைத்திருந்த சுஐபு வழக்கம்போல ருய் லோபஸ் ஆடினான். அந்தப் பழைய திறப்பில்தான் ஹமீது எப்போதும் சிக்குவார். அன்று சிக்கவில்லை. ஒரு குதிரையையே வெட்டி முன்னால் நின்றார். கறுப்புக் காயை நகர்த்திப் பொத்தானை அழுத்தினார். அப்போது சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. சுஐபு அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போனான்.

அவனுடைய நேரம் ஓடியது. பார்வையாளன் நான் வாய் திறக்கக் கூடாது. ஹமீது கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தொழவும் போகவில்லை. காது சிவக்க உட்கார்ந்திருந்தார். நேரம் தீர்ந்ததும் கையைத் தூக்கினார். கறுப்புக்கு வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள்.

சுஐபு வந்து கடிகாரத்தைப் பார்த்தான். கை கொடுத்தான்.

"நல்லா ஆடுனீங்க காக்கா."

அதற்குப் பதில் அவன் அவரை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் கோப்பையைத் துண்டால் மூடிக்கொண்டு ஹமீது என்னிடம் கேட்டார்.

"ஏலே பிரபா, எப்படியும் நாந்தானே ஜெயிச்சிருப்பேன்?"

"ஜெயிச்சிருப்பீங்கண்ணே. அதான் இன்னும் அசிங்கமா இருக்கு."

உச்சிப்புளி வரும்வரை அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் சுஐபு கிளப்புக்கு வந்தான். வராமல் இருந்துவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்த ஹமீதுக்குக் கைகால் ஓடவில்லை. தானே டீ வாங்கிவந்து வைத்தார். ஆட்டம் தொடங்கியது முதல் அவர் கண் பலகையில் இல்லை, பள்ளிவாசல் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சுஐபு யோசித்துக்கொண்டிருந்தபோது பாங்கு ஒலித்தது. ஹமீது கடிகாரத்துக்குக் கையை நீட்டினார்.

அதற்குள் சுஐபு அதைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு எழுந்திருந்தான்.