செல்வராஜின் பெட்ரோல் அடுப்பு

1. மூடியைத் திறந்ததும்

மன்னார்குடியில் பம்ப் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கல்ஃபிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்திறங்கிய காலம். அப்படி வந்தவற்றில் பாதிக்கு என்ன வேலை என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது.

செல்வராஜ் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். ஒரு தகர டப்பாவை என் மேஜையில் வைத்தார். உள்ளே தேங்காய் அளவில் பித்தளை டேங்க், தனியாகக் கழற்றி வைத்த மூன்று கால்கள், ஒரு பர்னர். கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள் எடுத்துப்போகும் அடுப்பு. அங்கே பழைய சாமான் கடையில் வாங்கினாராம். எவ்வளவு அடித்தாலும் பம்ப் ஏறவில்லை என்றார்.

பக்கத்தில் ஈயம் உருக்கும் ப்ளோ லாம்ப் எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை. மூடியை இறுக்கி, ப்ளோ லாம்ப்பை அணைத்து, கடையில் நின்றவர்களை எல்லாம் வெளியே அனுப்பினேன். பம்ப்பின் லெதர் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. அதனால் காற்று ஏறவில்லை, அதனால் செல்வராஜ் முழுசாக வந்து சேர்ந்திருந்தார்.

2. அடையாளம்

பெட்ரோலைக் கொட்டி, டேங்க்கைக் காயவைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். அடியில் ஸ்வீடன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. சரக்கு அசல் வெளிநாடு. ஆனால் பர்னருக்குக் கீழே ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றும் கிண்ணம் இருந்தது. மூடியில் காற்றை இறக்கும் திருகு இருந்தது. தீயைக் குறைக்கத் தனி வால்வு இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது மண்ணெண்ணெய் அடுப்பு. பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும்.

சொன்னதும் செல்வராஜின் முகம் தொங்கிவிட்டது.

"ஃபாரின்காரன் போய் கிருஷ்ணாயில் ஊத்துவானா பாய்?"

"ஊத்தியிருக்கான். கிண்ணத்தைப் பாருங்க."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் தங்கை கோமதிக்குத் திருவிடைமருதூரில் வரன் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற அதிகாரி. அவரிடம், துபாயில் பெட்ரோல் தண்ணீர் மாதிரி, அங்கே எல்லோரும் பெட்ரோலில்தான் சமைக்கிறார்கள், நம் வீட்டிலும் அப்படி ஒரு அடுப்பு இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வரும்போது அதில்தான் டீ.

புது வாஷர் வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். பர்னரில் இருந்த கரியை எடுத்து, எண்ணெய் ஆவி பீறிடும் நிப்பிள் துளையில் பின் குத்தினேன். தண்ணீரில் முக்கிப் பம்ப் அடித்ததில் ஒரு ஜாயின்ட்டில் குமிழி வந்தது. அதை ஈயம் வைத்து அடைத்தேன். நீல ஜுவாலை இரைந்துகொண்டு வந்தது. பெண் பார்க்க வரும் அன்றைக்கு நானே வந்து பற்றவைக்க வேண்டும், எரிபொருளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று செல்வராஜ் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டேன். அது என் தப்பு.

3. பெண் பார்த்த நாள்

அடுப்பை நடுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஸ்வீடன் எழுத்தை ஒவ்வொருவராகக் குனிந்து படித்தார்கள். கூடம் பூராவும் மண்ணெண்ணெய் நாற்றம். வெளிநாட்டுப் பெட்ரோலுக்கு வாசனையே வேறு என்று மாப்பிள்ளையின் அப்பா மற்றவர்களுக்கு விளக்கினார்.

டீ கொதிக்கும் முன் எண்ணெய் தீர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா தன் மொபெட்டிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்துவந்து, சூடான டேங்க்கின் மூடியில் கை வைத்தார். செல்வராஜ் என்னைப் பார்த்தார். அவர் மானம் போகுமே என்று நான் ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

சமையலறை வாசலிலிருந்து கோமதி சொன்னாள்:

"அது கிருஷ்ணாயில் அடுப்புங்க. ரேஷன்ல வரிசையில நின்னு நான்தான் வாங்கியாந்து ஊத்தினேன். பெட்ரோலை வெளியில கொண்டு போயிடுங்க."

 மாப்பிள்ளையின் அப்பா பாட்டிலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மிச்ச டீ விறகடுப்பில் கொதித்தது. பெண்ணுக்குத் தைரியம் இருக்கிறது என்று சொல்லி அன்றே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அப்பா தனியாக என் கடைக்கு வந்தார். பையில் ஒரு பழைய காஸ் லைட். ஜெர்மன் சரக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"பார்த்துச் சொல்லுங்க பாய். உள்ளூர் சரக்கா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு எந்தப் பழைய சாமான் வந்தாலும், டேங்க்கைத் திறக்கும் முன் இதைப் பற்றி யார் யாரிடம் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். தொழிலுக்கு வரும் பிள்ளைகளும் அதை முதலில் கேளுங்கள். வாஷரை அப்புறம் பார்க்கலாம்.